தொழில்: பிற

படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
விவசாயம், வணிகம், அரசுப் பணி,
ஓய்வூதியர், இல்லத்தரசி.
கடைசிக் கட்டம் 'பிற'.
அதில்தான் என்னைக் குறித்தேன்.

குன்னூர் கிளை மேலாளர் தணிகாசலம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'லூட்டுன்னா என்னங்க?'
பாதியாய் அறுத்த பப்பாளி, என்றேன்,
விதையை வழித்துவிட்டுக் காற்றை வைத்து மூடியது.
பதினைந்து தந்தி. கழுத்து முடிகிற இடத்தில்
யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல்
தலை திரும்பி நிற்கும்.
'கிட்டார் மாதிரி?'
கிட்டார் ஊருக்குப் பேசும்.
இது பக்கத்து நாற்காலிக்கு.
எழுதிக்கொண்டார்: கிட்டார்.

வருமானம் கேட்டார். சொன்னேன்.
மே மாதம் மேல்குன்னூர் விடுதியில்
இரவுச் சாப்பாட்டு நேரம், வாரம் நான்கு நாள்.
போன சீசனில் ஒரே ஒருவர்
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்,
வைஃபை பாஸ்வேர்டு கேட்க.
மாணவர் மூவர்:
வெலிங்டனில் ஒரு பல் மருத்துவர்,
கோவையில் சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்கிற பையன்,
டொராண்டோவில் ஒருத்தி.
எனக்கு விடியல் நாலரை என்றால்
அவளுக்கு அது நேற்றைய மாலை.
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், கால் போர்வைக்குள்,
கேமராவுக்கு மட்டும் சிரிப்பு.
கல்யாணம் வருஷத்துக்கு இரண்டு.
செண்டை மேளம் வந்து சேர்கிறவரை வாசிக்கலாம்.

செலவு?
தந்தி ஜெர்மனியிலிருந்து கிளம்பும்,
சென்னை சுங்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
மூடுபனி இலவசம்.
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சுருதி கலைத்துப் போகும்.
திரும்பச் சேர்க்க அரைமணி.
அந்த அரைமணிக்குக் காசு தருவார் யாருமில்லை.
அதுதான் கச்சேரி என்று நினைத்துக்
கைதட்டியவர்கள் உண்டு.

பேருந்தில் அதற்கும் டிக்கெட் என்பதைச் சொல்லவில்லை.
கோத்தகிரி வண்டி நடத்துனர் பெள்ளி
பெட்டியைத் தட்டிப் பார்த்து
'குழந்தையா, லக்கேஜா?' என்பார்.
எதைச் சொன்னாலும் அரை டிக்கெட்.

'எதிர்காலம் எப்படிங்க?'
பேனாவை மூடாமல் கேட்டார் தணிகாசலம்.
சனிக்கிழமை சாயங்காலம்
தேவாலயக் கூடத்தில் வாசிக்கிறேன், என்றேன்.
கையிருப்பில் இருந்த எதிர்காலம்
அவ்வளவுதான்.

காவலாளி ராயப்பன் எண்பது நாற்காலி போட்டிருந்தார்.
பதினோரு பேர், எட்டு வரிசைக்கும் சிதறி,
ஆளுக்கொரு தீவு.
பின்வரிசையில் ஒரு மங்கி குல்லா,
அதற்குள் வங்கி.
மின்சாரம் மதியமே போயிருந்தது.
பக்கத்து ஓட்டல் ஜெனரேட்டர்
முதல் பாட்டை முழுசாய்த் தின்றது.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவது நடுவில் டீசல் தீர்ந்தது.

அப்போது கேட்டது
கூரைத் தகரம் குளிரில் சுருங்குவது,
மலைச்சரிவில் ஒரு காட்டுமாடு
தேயிலையை உரசிக்கொண்டு போவது,
அப்புறம், நான்.

முதலில் பல் மருத்துவர்
நாற்காலியை முன்னால் இழுத்தார்.
பிறகு ஒருவர், பிறகு எல்லோரும்,
சிமெண்டுத் தரையில் கால்கள் கிறீச்சிட
பிஸ்கட் டின்னைச் சுற்றின பிள்ளைகள்போல.
நான் சத்தத்தைக் கூட்டவில்லை.
கூட்ட முடியாது, இதில்.
இன்னும் மெதுவாய் வாசித்தேன்.
இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள்.

முடிந்ததும் தணிகாசலம்
ராயப்பனோடு நாற்காலி அடுக்கினார்.
குல்லாவைக் கழற்றிவிட்டு வந்தார்.
'கடன் வராதுங்க மேடம்.
மேலிடத்துல கிட்டாருக்கே ஒத்துக்கல.'
தெரியும், என்றேன்.
'ஆனா பதினொண்ணுன்னு எங்கேயும் எழுதாதீங்க.
ராயப்பன் கடைசிவரைக்கும் நின்னுக்கிட்டே கேட்டார்.
பன்னிரண்டு.'

எழுதிக்கொண்டேன்.

திங்கள், விடியல் நாலரை.
நான்காம் தந்தி மறுபடி இறங்கியிருந்தது.
டொராண்டோவில் இன்னும் ஞாயிறு.